விமானத்துக்கும் வேண்டும் கட்டுச்சோறு!

மும்பையில் இருந்து நாகர்கோவிலுக்கு ரெயிலில் போவதென்றால் ஒன்றரை நாள் ஆகும். ஒரு குடும்பம் ஊருக்குப் புறப்படுகிறது என்றால், முதல் நாள் ராத்திரியே அடுப்படியில் வேலை தொடங்கிவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் வேளைக்கு. புளியோதரை இரண்டாம் வேளைக்கு. சப்பாத்தி மூன்றாம் வேளைக்கு. எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிப்பது, எங்கே வாழைப்பழம் வாங்குவது என்பது வரை கணக்கு இருக்கும்.

இன்று அதே குடும்பம் விமானத்தில் போகிறது. சென்னைக்கு 2 மணி நேரம்தான். "இரண்டு மணி நேரத்துக்கு எதற்குச் சாப்பாடு?" என்று வெறுங்கையோடு கிளம்பிவிடுகிறார்கள்.

"நாலு இட்லியாவது கட்டித் தருகிறேன்" என்று வீட்டில் உள்ள அம்மா சொன்னாலும் பிள்ளைகள் விடுவதில்லை. "பிளேனில் போய் யாராவது பொட்டலம் பிரிப்பார்களா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று தடுத்துவிடுகிறார்கள்.

இந்த வெட்கம் சிலருக்கு ஆபத்தாக முடியலாம். முக்கியமாக, சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு!

16 மணி நேரப் பட்டினி

காலை 7 மணி விமானத்தில் போகிற ஒருவரின் கணக்கைப் பார்ப்போம்.

வீடு கல்யாணிலோ, அம்பர்நாத்திலோ இருக்கிறது. விமானக் கம்பெனிகள் 2 மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்கின்றன. ஆகவே 5 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 3½ மணிக்கு டாக்சி ஏற வேண்டும். 2½ மணிக்கே எழுந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்குப் பசிக்கும்? ஒரு வாய் காபியோடு புறப்பட்டுவிடுகிறார்கள்.

9 மணிக்குச் சென்னையில் இறங்குகிறார்கள். அங்கிருந்து தூத்துக்குடிக்கு வேறு விமானம். வாகைக்குளத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, கார் பிடித்து, ஊர் போய்ச் சேரப் பகல் 1 மணி ஆகிவிடும்.

முதல் நாள் ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டது. அடுத்த சாப்பாடு மறுநாள் பகல் 1 மணிக்கு. இடையில் 16 மணி நேரம்!

வானத்தில் பறப்பது என்னவோ 3, 4 மணி நேரம்தான். வயிறு காய்வது 16 மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வாலிபர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். வயதானவர்களும், மாத்திரை சாப்பிடுகிறவர்களும் என்ன செய்வார்கள்?

சர்க்கரை இறங்கினால்...

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவோடு, சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதாவது, வளர்ந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேல். 180 பேர் உட்காரும் விமானத்தில், இந்தக் கணக்குப்படி 20 பேர் சர்க்கரை நோயாளிகளாக இருக்கலாம்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மாத்திரை உள்ளே போய்விட்டால், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். ஊசி மூலம் போடும் இன்சுலினும் அப்படியே. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

"நேரத்துக்கு மாத்திரை சாப்பிட வேண்டும்" என்று அதிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாடு இல்லாமல் விமானம் ஏறினால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்.

உடம்பு வியர்க்கும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். கண் மங்கும். பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் மயக்கம் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், "முதல் தடவை பிளேன் ஏறுகிறார், பயப்படுகிறார்" என்று நினைத்துக்கொள்வார். இல்லாவிட்டால், "அசந்து தூங்குகிறார்" என்று விட்டுவிடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும்? மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அதே அளவு குளுக்கோஸ் உடனே கொடுக்க வேண்டும். அரை டம்ளர் பழரசமும் கொடுக்கலாம். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு கொடுக்க வேண்டும். தெளிந்த பிறகு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். சாக்லெட் இதற்கு ஏற்றது அல்ல. அதில் உள்ள கொழுப்பு, சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் சேருவதைத் தடுக்கும்.

நினைவு இழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விமானப் பணிப்பெண்ணை உடனே கூப்பிட வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை

மாத்திரை, இன்சுலின், சர்க்கரை பார்க்கும் கருவி, டாக்டர் சீட்டு இவை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கு அறைக்கு அனுப்பக் கூடாது. அங்கே குளிரில் உறைந்துபோனால் இன்சுலின் கெட்டுவிடும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும்!

குளுக்கோஸ் பாக்கெட்டோ, கல்கண்டோ சட்டைப் பையில் இருக்கட்டும். தலைக்கு மேல் உள்ள அடுக்கில் வைத்தால், இருக்கை வார் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுக்க முடியாது.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே டாக்டரைப் பார்த்து, "காலை 2½ மணிக்கு எழுந்து போகிறேன், மாத்திரையை எப்போது சாப்பிடுவது?" என்று கேட்டுவிட வேண்டும். நேரத்தையும் அளவையும் தாமாகவே மாற்றிக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்பு இன்சுலின் போடுகிறவர்கள், சாப்பாடு கைக்கு வந்த பிறகே போட வேண்டும். தட்டு வருகிறது என்று நம்பி முன்கூட்டியே போட்டுக்கொண்டால், விமானம் குலுங்கும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாடு நின்ற கதை

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு மும்பை ஜூகு மைதானத்தில் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி, பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். மும்பை - சென்னை விமானப் பாதை இப்படித்தான் பிறந்தது. அதில் போனவை தபால் மூட்டைகள். அவற்றுக்குப் பசி இல்லை!

பிறகு பயணிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தட்டில் சாப்பாடும் வந்தது. டிக்கெட் விலையிலேயே அதுவும் அடங்கியிருந்தது.

2003-ம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் விமானக் கம்பெனியைத் தொடங்கினார். சூர்யா நடித்த 'சூரரைப் போற்று' படத்தின் கதைக்கு அவர் வாழ்க்கைதான் அடிப்படை. குறைந்த கட்டணத்தில் சாமானியரும் பறக்கலாம் என்று காட்டிய கம்பெனி அது. கட்டணத்தைக் குறைப்பதற்காக இலவசச் சாப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த மலிவுக் கட்டண விமானங்களும் அதே வழியில் போயின.

சாமானியருக்கு இது நல்லதுதான். ஆனால், சாப்பாட்டுப் பொறுப்பு இப்போது நம் கையில் வந்துவிட்டது. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

10 ரூபாய் டீ

"விமான நிலையத்தில் வாங்கிச் சாப்பிட்டால் போகிறது" என்பார்கள். நாலு பேர் உள்ள குடும்பம் அங்கே டிபன் சாப்பிட்டால், வீட்டில் இரண்டு, மூன்று நாள் காய்கறிச் செலவுக்கு ஆகிற பணம் போய்விடும். விலையைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசி இல்லை" என்று பொய் சொல்லும் தாய் தந்தையர் எத்தனை பேர்!

இந்த விலை பற்றி நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. அதன் பிறகு 'உடான் யாத்ரி கபே' என்ற மலிவு விலைக் கடை 2024-ம் ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் திறக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி சென்னை விமான நிலையத்திலும் திறந்தார்கள். திறந்தபோது டீ 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காபி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று விலை வைத்திருந்தார்கள்.

ஆத்திர அவசரத்துக்கு இது உதவும். ஆனால் டீயும் சமோசாவும் ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடாது.

உப்பிய பொட்டலம்

விமானத்தில் சிப்ஸ் பொட்டலம் வைத்திருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். மேலே போனதும் பொட்டலம் பலூன் மாதிரி உப்பிவிடும். வயிற்றுக்குள்ளும் அதுதான் நடக்கிறது.

விமானம் 35 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல வைத்திருக்கிறார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. அதாவது, மும்பையில் ஏறியவர் அரை மணி நேரத்துக்குள் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறார்! அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். வயிற்றிலும் குடலிலும் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு வரை அதிக இடம் பிடிக்கும்.

எனவே வாயுப் பண்டங்களை முதல் நாள் ராத்திரியில் இருந்தே தள்ளி வைப்பது நல்லது. கொண்டைக்கடலை, பட்டாணி, ராஜ்மா, மொச்சை, முட்டைக்கோஸ், காலிபிளவர் ஆகியவை வாயுவை உண்டாக்கும். சோடா, கோலா போன்றவை வாயுவையே குடிப்பதற்குச் சமம். சூயிங்கம் மெல்லும்போதும் காற்றை விழுங்குகிறோம். காது அடைப்புக்கு ஏதாவது வாயில் போட வேண்டும் என்றால் ஒரு மிட்டாயைச் சப்பினால் போதும்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் தவறு. பட்டினியும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். அரை வயிறு போதும்.

நாக்கு ஏமாற்றும்!

விமானச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். சமையல்காரர் மீது மட்டும் குற்றம் இல்லை. நாக்கின் மீதும் இருக்கிறது.

லுப்தான்சா விமானக் கம்பெனிக்காக ஜெர்மனியில் உள்ள பிரான்கோபர் ஆராய்ச்சி நிலையம் 2010-ம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தியது. விமானத்தின் ஒரு பகுதியை அழுத்தம் குறைக்கக்கூடிய பெரிய அறையில் வைத்து, ஆட்களை உள்ளே உட்கார வைத்துச் சாப்பிடக் கொடுத்தார்கள். உப்பும் இனிப்பும் தரையில் தெரிகிற அளவுக்கு அங்கே தெரியவில்லை. தக்காளிச் சாறு மட்டும் முன்பைவிட ருசியாக இருந்தது. வறண்ட காற்றில் மூக்கு காய்ந்துவிடுவதால் மணம் தெரிவதில்லை. மணம் போனால் ருசியும் போய்விடும்.

2015-ம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றைக் கண்டார்கள். விமானத்துக்குள் கேட்பது போன்ற பெரிய இரைச்சலில் இனிப்புச் சுவை மங்கிவிடுகிறதாம்.

விளைவு என்ன? உப்பு போதவில்லை என்று நாக்கு சொல்லும். அதைக் கேட்டு ஊறுகாயும், உப்புக்கடலையும், சிப்சுமாகச் சாப்பிட்டால், நாக்குக்குத் தெரியாத உப்பு ரத்தக்கொதிப்புக்கு நன்றாகத் தெரியும்!

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் நூடுல்ஸ், உப்புமா டப்பாக்களில் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்று மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 1,000 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால் அது இரண்டரை கிராம் உப்பு. ஒரே டப்பாவில் பாதி நாள் உப்பு!

தண்ணீர் குடிக்கத் தயக்கம்

மும்பையில் மழைக்காலத்தில் காற்றில் ஈரப்பதம் 80, 90 சதவீதம் இருக்கும். விமானத்துக்குள் 10 முதல் 20 சதவீதம்தான். உதடு காயும். தொண்டை வறளும்.

ஆனால் வயதான பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. "பாத்ரூம் போக வேண்டி வருமே, பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரை எழுப்ப வேண்டுமே" என்ற கூச்சம்தான் காரணம். கழிப்பறைக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாமலும் சிலர் அடக்கிக்கொள்கிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து எடுங்கள். ஜன்னல் ஓரத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். பெரியவர்கள் தனியாகப் போனால், "கதவைத் திறந்து காட்டம்மா" என்று பணிப்பெண்ணிடம் கேட்பதில் தவறே இல்லை.

காலி பாட்டில் கொண்டு போய், சோதனை முடிந்ததும் உள்ளே இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரேயடியாகக் குடிக்காமல், சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். விமானத்தில் டீ, காபி மந்தமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. சாறு முழுவதும் இறங்குவதில்லை.

கைக்குழந்தைகளுக்கு விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுக்க வேண்டும். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். அழுகையும் குறையும்.

என்ன கட்டலாம்?

உள்நாட்டு விமானங்களில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போகலாம். உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம். ஆனால் எதைக் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும்.

முதல் இடம் இட்லிக்குத்தான். ஆவியில் வெந்தது. வயிற்றுக்கு இதமானது. மிளகாய்ப்பொடியையும் நல்லெண்ணெயையும் வீட்டிலேயே தடவிவிட வேண்டும். பொடியைத் தனிப் பொட்டலமாகக் கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள். சப்பாத்தியும் உலர்ந்த பொரியலும் நல்லவை. எலுமிச்சை சாதம், புளியோதரை கொஞ்சம் எடுக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் சாதத்தின் அளவைக் குறைத்து, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை சேர்த்துக்கொள்ளலாம். வாழைப்பழம், ஆரஞ்சு கத்தி தேவையில்லாத பழங்கள். ஊரில் இருந்து திரும்பும்போது கோவில்பட்டி கடலை மிட்டாய் இருக்கவே இருக்கிறது. 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் அளவோடு நிறுத்த வேண்டும்.

தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும். சாம்பார், ரசம் வேண்டாம், சிந்தும். கருவாடு வேண்டவே வேண்டாம். அடைத்த இடத்தில் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்!

எதையும் நன்றாக ஆறவிட்டுக் கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். அதிகாலையில் கட்டியதைக் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சத்தை ராத்திரிக்கு வைக்கக் கூடாது.

கொப்பரைக்கு இடம் இல்லை

ஊரில் இருந்து வருகிறவர்கள் கொப்பரையைப் பெட்டியில் வைத்துவிட்டு விமான நிலையத்தில் சங்கடப்படுகிறார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமான விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

முழுத் தேங்காயையும் கையில் கொண்டு போக விடுவதில்லை. 2024-ம் ஆண்டு அக்டோபரில், சபரிமலை பக்தர்கள் இருமுடியில் தேங்காயை விமானத்துக்குள் கொண்டு போகத் தனியாக அனுமதி கொடுத்தார்கள். அதுவும் 2025-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி வரையில் என்று கெடு வைத்துத்தான்.

எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், நெய் இவற்றைக் கசியாமல் இறுக மூடிப் பெரிய பெட்டியில் போடுவதே நல்லது. துபாய் போன்ற வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் கசகசாவை மறந்தும் எடுத்துப் போகக் கூடாது. நமக்கு அது குருமாவில் போடும் சாமான். அங்கே அது போதைப் பொருள் சட்டத்தில் வருகிறது. மசாலாப் பொடியில் கசகசா கலந்திருந்தாலும் வம்புதான்.

கேட்டு வாங்குங்கள்!

விமானம் தாமதமானால் சாப்பாடு கேட்டுப் பெற பயணிகளுக்கு உரிமை இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குனரகத்தின் விதிப்படி, 2½ மணி நேரம் வரை ஓடும் விமானம் 2 மணி நேரமோ, அதற்கு மேலோ தாமதமானால் சிற்றுண்டியோ சாப்பாடோ கொடுக்க வேண்டும். 2½ முதல் 5 மணி நேரம் வரை ஓடும் விமானமாக இருந்தால் 3 மணி நேரத் தாமதம். பயணி சரியான நேரத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மும்பை - சென்னை விமானம் முதல் வகையைச் சேர்ந்தது.

உரிமை இருந்தாலும் நெருக்கடியில் அது கைக்கு எட்டுவதில்லை. 2024-ம் ஆண்டு ஜனவரியில் கோவாவில் இருந்து டெல்லி போக வேண்டிய விமானம் மூடுபனியால் மும்பையில் இறங்கியது. களைத்துப் போன பயணிகள் விமானம் நிற்கும் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட காட்சியை நாடே பார்த்தது. விமானக் கம்பெனிக்கும் விமான நிலையத்துக்கும் அபராதம் விதித்தார்கள். 2025-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது, விமான நிலையங்களில் மக்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள்.

அந்த மாதிரி நேரத்தில் பையில் இருக்கும் நாலு இட்லிக்கு விலையே இல்லை.

தட்டு வந்தால்...

நீண்ட தூர விமானங்களில் சாப்பாடு தருவார்கள். அது விமானத்தில் சமைத்தது அல்ல. தரையில் பெரிய சமையற்கூடத்தில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, மேலே சூடு பண்ணித் தருகிறார்கள். எங்கேயாவது குளிர்ச்சி தவறினால் ஆபத்து. 1975-ம் ஆண்டில் ஜப்பான் விமானம் ஒன்றில் கெட்டுப்போன பன்றி இறைச்சியைச் சாப்பிட்ட 196 பயணிகள் நோயில் விழுந்தார்கள். சமையல்காரரின் கைவிரல் புண்ணில் இருந்த கிருமிதான் காரணம். விமானிகள் இருவருக்கும் வெவ்வேறு சாப்பாடு கொடுக்கும் பழக்கம் இப்படிப்பட்ட ஆபத்தை நினைத்துத்தான்.

இப்போது கட்டுப்பாடுகள் அதிகம். பயப்பட வேண்டியது இல்லை. ஆனால் சூடாக வந்ததைச் சூடாகவே சாப்பிட்டுவிட வேண்டும். "அப்புறம் சாப்பிடலாம்" என்று பையில் எடுத்துவைக்கக் கூடாது.

சைவர்கள் டிக்கெட் எடுக்கும்போது 'இந்து சாப்பாடு' என்று பதிந்துவிட்டுக் கோழிக்கறி வந்ததும் திகைக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி இருக்காது. கோழியும் ஆடும் இருக்கலாம். சைவர்கள் கேட்க வேண்டியது 'ஆசிய சைவ உணவு'. ஏ.வி.எம்.எல். என்ற எழுத்துக்களைப் பார்த்துப் பதிய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு டி.பி.எம்.எல். என்று தனிச் சாப்பாடு உண்டு. இவற்றை 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும்.

4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகிறவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ம் ஆண்டில் கூறியது. மிகச் சிலருக்குத்தான் இது வரும் என்றாலும், மதுவைத் தவிர்த்து, தண்ணீர் குடித்து, அவ்வப்போது எழுந்து நாலு அடி நடப்பது நல்லது.

புறப்படும் முன்பு

ரெயில் பெட்டியில் எதிரே இருந்தவருக்கும் இரண்டு இட்லி கொடுத்துச் சாப்பிட்டவர்கள் நாம். விமானத்தில் ஏறியதும் நம் சாப்பாடு நமக்கே கேவலம் ஆகிவிடுமா? பக்கத்து இருக்கைக்காரர் 2 மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். அவர் என்ன நினைத்தால் என்ன?

ஊருக்குப் போகிற அப்பா, அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் பெருமைப்படலாம். அந்தப் பெருமையோடு ஒரு பொட்டலத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

டிக்கெட், ஆதார் அட்டை, மாத்திரை, கட்டுச்சோறு. நாலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்!